பெருநாள் பரிசு யாருடைய சந்தோசத்துக்கு?

நோன்பின் கடைசிப் பத்து வந்துவிட்டால் கம்பளை நகரில் கால் வைக்க இடமிருக்காது. கண்டி வீதியின் இரு பக்கமும் துணிக்கடைகள், நடைபாதையில் விளையாட்டுச் சாமான்கள், தராவீஹ் தொழுகை முடிந்த பிறகும் அணையாத விளக்குகள். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்க நிற்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறேன். கடைக்காரர் கேட்பது இரண்டு கேள்விதான்: பிள்ளைக்கு எத்தனை வயது, ஆணா பெண்ணா? வாங்குபவர் தன் மனதுக்குள் கேட்டுக்கொள்வதும் இரண்டுதான்: கையில் எவ்வளவு இருக்கிறது, கொடுக்கும்போது நாலு பேர் என்ன நினைப்பார்கள்? இந்தச் சாமானை அந்தப் பிள்ளையின் காது தாங்குமா, தோல் தாங்குமா என்ற கேள்வியை யாரும் கேட்டு நான் கண்டதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு எட்டு வயது. புகைவண்டி நிலையங்களின் பெயர்களைப் பேராதனையிலிருந்து பதுளை வரை வரிசை தவறாமல் சொல்வான். மா குழைப்பதென்றால் உயிர். ஆனால் பிரஷர் குக்கர் விசில் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவான். சட்டையின் கழுத்தில் இருக்கும் லேபல் அவனுக்கு முள். இப்படியொரு பிள்ளைக்குப் போன பெருநாளன்று வந்த பரிசுகள்: சைரன் சத்தத்தோடு ஓடும் பொலிஸ் கார், ஜரிகை வைத்துத் தைத்த ஜுப்பா, நடந்தால் பீப் பீப் என்று கத்தும் சப்பாத்து. மூன்றையும் தள்ளிவிட்டான். சப்பாத்தைக் கொண்டு வந்த மாமியின் முகம் வாடியதை உம்மா கண்டார். "நல்லா வளர்த்திருக்கீங்க" என்று யாரோ சொன்னதையும் கேட்டார். அன்று பின்னேரம் நாங்கள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. உம்மா தலைவலி என்று சொன்னார்.

இப்படியான வீடு எங்களுடையது மட்டுமல்ல. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் இருந்தவர்களும் இலங்கையில் ஒரு அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுள்ள பிள்ளைகளைச் சோதித்து, 2009ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. 93 என்றால் ஏறத்தாழ மூன்று வகுப்பறைப் பிள்ளைகள். ஓட்டிசம் உள்ளவர்களிடம் மட்டுமே புலன் சிக்கல் இருக்கும் என்றும் இல்லை. கவனக் குறைவும் மிகைச் செயற்பாடும் உள்ள பிள்ளைகளிடமும், மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளிடமும், எந்தப் பெயரும் வைக்கப்படாத பிள்ளைகளிடமும் அது இருக்கலாம். உங்கள் குடும்பத்தில் "இவன் கொஞ்சம் பிடிவாதம்", "இவளுக்கு எல்லாத்திலயும் அருவருப்பு" என்று சொல்லப்படும் பிள்ளை யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படிப்பவர்களுக்கு இதன் ஒரு பகுதி தெரிந்திருக்கும். ஐம்புலன் என்று சின்ன வகுப்பில் படித்தோம். பிறகு உட்செவியில் அரைவட்டக் கால்வாய்கள் இருப்பதையும், தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அவை மூளைக்கு அறிவிப்பதையும் படித்தோம். தசையிலும் மூட்டிலும் உள்ள வாங்கிகள் உடம்பின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இத்தனை செய்திகளையும் மூளை அடுக்கி, வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை எடுக்க வேண்டும். அந்த அடுக்கல் சில பிள்ளைகளிடம் வேறு மாதிரி நடக்கிறது என்று அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் அயர்ஸ் 1972இல் ஒரு நூலில் விரிவாக எழுதினார். ஓட்டிசத்தை அடையாளம் காண்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வைத்திருக்கும் விதிகளில், புலன்கள் அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ பதில் கொடுப்பது 2013இல்தான் ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டது. அவ்வளவு பிந்தித்தான் படித்தவர்களுக்கே இது உறைத்திருக்கிறது. ஆகவே எங்கள் மாமிமார்மீது எனக்குக் கோபமில்லை.

மிஞ்சியோ குறைந்தோ என்பதில்தான் பரிசு வாங்குபவருக்கு வேண்டிய விடயமே இருக்கிறது. சில பிள்ளைகளுக்குச் சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை எல்லாம் பல மடங்காகப் போய்ச் சேரும், அவர்கள் ஒதுங்குவார்கள். வேறு சிலருக்கு எவ்வளவு கிடைத்தாலும் போதாது. சுற்றுவார்கள், குதிப்பார்கள், எதையும் வாயில் வைப்பார்கள், சுவரோடு மோதிக்கொள்வார்கள். ஒரே பிள்ளை சத்தத்துக்கு ஒதுங்கி, அசைவுக்கு ஏங்கவும் கூடும். என் தம்பி அப்படித்தான். அதனால் "ஓட்டிசப் பிள்ளைக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்பதில் பயனில்லை. இந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும், எது வலிக்கும் என்று கேட்க வேண்டும்.

எங்கள் சமூகத்தில் பெருநாள் பரிசு என்றால் முதலில் உடுப்பு. ஆகவே உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடையில் பளபளப்பதெல்லாம் தோலில் உரசும். நெட் துணி, ஜரிகை, கல் பதித்த கழுத்து, உள்ளே மடித்துத் தைக்காத தையல், கஞ்சி போட்ட கொலர், காலில் இறுக்கும் இலாஸ்டிக். இவற்றைத் தாங்க முடியாத பிள்ளை பெருநாள் தொழுகைக்குப் போகும் முன்பே அழத் தொடங்கும். ஓட்டிசத்தோடு வளர்ந்து, அமெரிக்காவில் கால்நடைத் துறையில் பேராசிரியரான டெம்பிள் கிராண்டின், சின்ன வயதில் தேவாலயத்துக்குப் போட்டுவிட்ட உடையின் உள்பாவாடை தன் தோலை அரம்போல் அராவியதாக எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கு அது பிள்ளையின் அடம். பிள்ளைக்கு அது வலி. மதமும் நாடும் வேறு, ஆனால் பண்டிகை நாளின் புது உடுப்பு படுத்தும் பாடு ஒன்றுதான்!

என்ன செய்யலாம்? பிள்ளை தினமும் விரும்பிப் போடும் பழைய ரீசேர்ட் எது என்று அதன் உம்மாவிடம் கேளுங்கள். அதே துணியில், அதே வெட்டில், ஒரு அளவு பெரிதாக இன்னொன்று வாங்குங்கள். அது பெருநாள் உடுப்பாகத் தெரியாது என்பது உண்மைதான். நிறம் புதிதாக இருக்கட்டும், போதும். லேபலை வெட்டும்போது தையல் நுனியையும் சேர்த்துப் பிரித்துவிடுங்கள், மிஞ்சும் துண்டு லேபலை விட மோசமாகக் குத்தும். கொடுக்கும் முன் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். கழுவிய உடுப்பைப் பரிசாகக் கொடுப்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். புது வாசனையும் கஞ்சியும் போன பருத்தித் துணி எங்கள் வீட்டில் பொன் மாதிரி. அதில் அத்தர் மட்டும் தெளிக்க வேண்டாம்.

அடுத்தது சத்தமிடும் சாமான்கள். சிறுவர்களின் காதில் படும் திடீர் வெடிச் சத்தம் 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில் எல்லை குறித்தது. பெரியவர்களுக்கு அது 140. எந்தப் பிள்ளையின் காதும் பெரியவர் காதை விட மென்மை என்பதுதானே இதன் பொருள். புலன் கூர்மையான பிள்ளைக்கு அந்த எல்லையெல்லாம் தேவையில்லை, ஒரு சீனப் பொம்மையின் பாட்டே அறையை விட்டு ஓட வைக்கும். சத்தத்தை நிறுத்தும் ஆளி இருக்கிறதா, ஒலியைக் குறைக்க முடியுமா என்று கடையிலேயே பற்றரி போட்டுப் பாருங்கள். பலூன் வேண்டாம். வெடிக்கும்போது மட்டுமல்ல, எப்போது வெடிக்குமோ என்ற பயத்தில் பிள்ளை முழு நாளும் இருக்கும். இதற்கு மாறாக, இயந்திர வேலை செய்பவர்கள் போடும் காதுமூடி ஹாட்வெயார் கடைகளில் இருக்கிறது. சிறுவர் அளவிலும் கிடைக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த பரிசுகளில் ஆக அதிகமாகப் பாவிக்கப்பட்டது அதுதான். அதைப் போட்டுக்கொண்டுதான் தம்பி கண்டிக்கு பஸ்ஸில் வருகிறான்.

இனி, நான் அடிக்கடி கேட்கும் இரண்டு ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

முதலாவது: "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரித்தான் கொடுக்கணும், இல்லாட்டி வித்தியாசம் பார்த்ததாகிவிடும்." இதை மார்க்கத்தோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, தன் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்தீரா என்று அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. நான் ஆலிமா அல்ல, தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தில் கண்டிக்கப்பட்டது ஒருவருக்குக் கிடைத்து மற்றவர்களுக்குக் கிடைக்காமல் போவதுதான் என்பதை யாரும் வாசிக்கலாம். ஐந்து பிள்ளைகளுக்கும் ஐந்து சைரன் கார் வாங்கினால் எண்ணிக்கை சரி. நான்கு பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஐந்தாவது பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஐந்தாவது பிள்ளைக்கு யார் பரிசு கொடுத்தது? பெறுமதியில் சமமாகக் கொடுங்கள், பொருளை மாற்றிக் கொடுங்கள். கண் பார்வை குறைந்த பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடி வாங்கும்போது மற்ற நான்கு பேருக்கும் நாங்கள் கண்ணாடி வாங்குவதில்லையே.

இரண்டாவது: "பழகட்டும். நாளைக்கு உலகத்தில் வாழ வேண்டிய பிள்ளை." இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை. பழகத்தான் வேண்டும். தம்பி இப்போது குக்கர் விசிலுக்கு முன்பு போல் அழுவதில்லை. விசில் வரப்போகிறது என்று உம்மா முன்கூட்டியே சொல்லி, கதவுக்கு வெளியே நிற்க வைத்து, கிழமைக்குக் கிழமை ஓரடி உள்ளே கொண்டு வந்ததால் நடந்தது அது. பல மாதம் பிடித்தது. இருபது பேர் நிற்கும் மண்டபத்தில் பெருநாள் காலையில் சைரனைக் கையில் திணித்தால் பிள்ளை எதற்குப் பழகும்? பெருநாளைக் கண்டு பயப்படுவதற்குத்தான்.

பரிசு வாங்க எண்ணுபவர்களை இப்போது இன்னொரு பக்கம் இழுக்கிறது இணையக் கடை. 2017இல் விரலில் சுழற்றும் சக்கரம் உலகமெங்கும் பரவியது; 2021இல் அமுக்கினால் பொக் என்று சத்தமிடும் இறப்பர் தட்டு. இரண்டும் கம்பளைக்கும் வந்தன, எங்கள் வகுப்பிலும் சுழன்றன. சாதாரண சாமானுக்கு "ஓட்டிசத்துக்கு ஏற்றது" என்று ஒரு வரி சேர்த்தவுடன் விலை கூடுகிறது. சிலவற்றில் மருந்து போலவே எழுதியிருக்கிறார்கள். ஜீன் அயர்ஸ் தொடக்கி வைத்த சிகிச்சை முறைக்கே போதிய சான்று இன்னும் சேரவில்லை என்றும், பெற்றோர் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் அறிவுறுத்தியது. பயிற்சி பெற்றவர் செய்யும் சிகிச்சைக்கே அப்படியென்றால், பெட்டியில் வரும் பொம்மை எதைக் குணமாக்கப் போகிறது? பரிசு விளையாடுவதற்கு, அவ்வளவுதான்.

அந்த அளவில் பார்த்தால் நல்ல பரிசு பெரும்பாலும் மலிவானது. அழுத்தம் தேடும் பிள்ளைக்கு ஒரு சின்ன உருளுகட்டையும் மணையும் கொடுத்து, ரொட்டி மா குழைக்க விடுங்கள். தசைக்கும் மூட்டுக்கும் வேலை கிடைக்கும். கோதுமை மா, உப்பு, எண்ணெய், தண்ணீர் சேர்த்துப் பிசைந்த விளையாட்டு மா ஒரு டப்பாவில் கொடுத்தால் ஒரு மாதம் போகும். கையில் ஒட்டுவதை வெறுக்கும் பிள்ளைக்கு அதே மாவை இறுகக் கட்டிய பைக்குள் போட்டுக் கொடுங்கள், கை படாமல் அமுக்கலாம். தடித்த துணியில் பயறு நிரப்பித் தைத்த பை மடியில் வைக்க நல்லது. அசைவுக்கு ஏங்கும் பிள்ளைக்கு ஊஞ்சல். எங்கள் உம்மும்மாவின் பழைய சாரி ஒன்று விறாந்தைக் கைமரத்தில் தொங்குகிறது, வாப்பா முடிச்சைக் கிழமைக்கு ஒரு தடவை பார்ப்பார். வாய்க்குள் எதையாவது கடிக்கும் பிள்ளைக்கு அதற்கென்றே செய்த சிலிக்கன் வளையம் இருக்கிறது. இது மட்டும் கடையில் வாங்க வேண்டியது. விருப்பத்தைத் தொடரும் பரிசையும் மறக்க வேண்டாம். புகைவண்டிப் பைத்தியத்துக்கு ஒரு நேர அட்டவணை கொடுத்தால் அது பெருநாள்.

சில சாமான்களைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு பொத்தான் அளவு பற்றரி உள்ள எதையும் கொடுக்காதீர்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக் குழாயை எரித்துவிடக் கூடியது. சின்னக் காந்தங்கள் இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் நிற மணிகள் பார்க்க இனிப்பு போலிருக்கும், வயிற்றுக்குள் போயும் பெருக்கும். எடை கூடிய போர்வையை நல்லது என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் அதைத் தானே விலக்கத் தெரியாத பிள்ளை மூச்சுத் திணறிப் போகலாம். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைக்கும் வைத்தியரையோ தொழில்வழிச் சிகிச்சையாளரையோ கேட்காமல் வாங்க வேண்டாம். எங்கள் பக்கத்தவர்களுக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

கொடுக்கும் விதமும் பரிசில் பாதி. சரசரக்கும் தாளும் "கண்ணை மூடு, கையை நீட்டு" என்ற திடீர் வியப்பும் சில பிள்ளைகளுக்கு வேதனை. துணிப்பையில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலே சொல்லிக் கொடுங்கள். நெருக்கிக் கட்டிப்பிடித்து முத்தம் கேட்க வேண்டாம். கிராண்டின் தன் பதினெட்டாவது வயதில், மாடுகளைப் பிடித்து நிறுத்தும் சட்டத்தைப் பார்த்து, தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் பெட்டியொன்றைச் செய்தார். அணைப்பு அவருக்கும் வேண்டித்தான் இருந்தது. எவ்வளவு, எப்போது என்பது தன் கையில் இருக்க வேண்டியிருந்தது. பிள்ளை நன்றி சொல்லாவிட்டாலும், பரிசை மூன்று நாள் தொடாவிட்டாலும் மனம் நோகாதீர்கள். நான்காவது நாள் அதோடுதான் தூங்கும்.

இதில் பெற்றோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதை மகளாக நின்று மரியாதையோடு சொல்கிறேன். கேட்பவர் இல்லை என்பது போலவே சொல்பவரும் இல்லை. பிள்ளையின் நிலையை மறைத்து, "அவனுக்கு இன்று காய்ச்சல்" என்று சொல்லிச் சமாளிக்கும் வீடுகள் எத்தனை! பெண்பிள்ளை என்றால் இன்னும் கூட மறைப்பார்கள், நாளைக்கு கலியாணப் பேச்சு வரும் என்று. பெற்ற தாயைத்தான் ஊர் குறை சொல்லும் என்ற பயம் அதற்குள் இருக்கிறது, அந்தப் பயம் பொய்யுமல்ல. ஆனாலும் ரமழானிலேயே குடும்ப வட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டால் எவ்வளவு சிரமம் குறையும்: இவளுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, பருத்திச் சட்டை பிடிக்கும், மஞ்சள் நிறம் என்றால் உயிர். விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சொல்லும் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரையை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. உலக ஓட்டிச விழிப்புணர்வு தினமான ஏப்ரல் 2ஐ ஐக்கிய நாடுகள் சபையில் 2007இல் முன்மொழிந்தது கத்தார் என்ற ஒரு முஸ்லிம் நாடு. 2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31இல் வந்தது, இரண்டு நாள் விட்டு அந்தத் தினமும் வந்தது. ஒன்றை ஊரே கொண்டாடியது. மற்றது வந்து போனதை நான் கேட்ட எவரும் அறிந்திருக்கவில்லை.

கையில் காசில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். எங்கள் சின்ன மாமாவுக்குப் பெரிய வருமானம் இல்லை. அவர் பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கூட்டம் கலைந்த மறுநாள் காலை, வருவதற்கு முன் உம்மாவின் போனுக்கு அடித்துச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வருவார். தம்பியும் அவரும் கொல்லைப்புறக் குழாயடியில் இரண்டு வாளி வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பேச்சு அதிகம் இருக்காது. நாவலப்பிட்டிப் பக்கம் போகும் புகைவண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டால் தம்பி அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்வான், மாமா அதற்கடுத்ததைச் சொல்வார், வேண்டுமென்றே சில சமயம் பிழையாகச் சொல்வார். தம்பி திருத்துவான். உம்மா அவருக்கென்று எடுத்து வைத்த வட்டலப்பத்தைக் கொண்டு வந்து குழாயடிக் கல்லில் வைப்பார்.